வாசல் வெளிச்சம்

வரத் நடத்தும் கம்ப்யூட்டர் கடையில் மேசைமேல் இரண்டு லேப்டாப் திறந்து கிடந்தன. ஒன்று வெள்ளி நிறம், மெலிசு. தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கலாம் போல இருந்தது. திரை பளபளவென்று மின்னியது. இன்னொன்று கறுப்பு, தடி. சென்னையில் ஏதோ ஒரு கம்பெனி பயன்படுத்தித் தீர்த்துக் கழித்துவிட்டது. ஒரு மூலை உடைந்து, உடைந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டியிருந்தது. கம்பெனி ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த தழும்பு மூடியின் நடுவில் அப்படியே இருந்தது. திரையில் மினுக்கு என்பதே கிடையாது. சாணி மெழுகின தரை மாதிரி மங்கல்.

தையல்நாயகி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. அது இன்றைக்கு நேற்றைக்கு வந்ததல்ல. மூன்று மாதமாக அப்படித்தான். சோறு சோறாகத் தெரிந்தது, வெயில் வெயிலாகத் தெரிந்தது, அதற்குமேல் எதுவும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பின வாய் மாதிரி இருந்தது மனசு. கடித்துக்கொண்டாலும் தெரியாது.

"கறுப்ப எடுத்துக்கோடி," என்றாள் ஸுஷ்மா.

ஸுஷ்மா சின்னக் காஞ்சிபுரத்துப் பெண். காலேஜில் மூன்று வருஷமும் இரண்டு பேரும் ஒரே பெஞ்ச். இப்போது சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தாள். சனி ஞாயிறு ஊருக்கு வருவாள். கடைக்கார வரத் அவளுக்குச் சித்தப்பா பிள்ளை. அதனால்தான் இந்தக் கடை.

"கறுப்புல மெமரி டபுள்," என்றான் வரத். "நீங்க போடற டிசைனுக்கெல்லாம் அதுதான் தாங்கும். இருபத்தி ரெண்டாயிரம். ஆனா பாட்டரி செத்துப்போச்சு. பத்து நிமிஷம் நின்னா அதிர்ஷ்டம். வெள்ளி புதுசு. ஒரு வருஷம் கேரண்டி, பாட்டரி மூணு மணி நேரம். நாப்பத்தி நாலு. மெமரிதான் கம்மி. உள்ள போட்டிருக்கற புது சிஸ்டத்துக்கே பாதி போயிடும். மொதல்லயே சொல்லிடறேன், அப்புறம் என்ன திட்டக் கூடாது."

"பாதி விலை, டபுள் மெமரி. இதுல யோசிக்க என்ன இருக்கு?" ஸுஷ்மா தன் தோளில் தொங்கின துணிப்பையைத் தட்டினாள். "எங்க ஆபீஸ்ல குடுத்தது இதவிட அசிங்கம். ஜவுளிக்கடைப் பையில போட்டுண்டு அலையறேன். யாராவது ஏதாவது சொல்றாளா?"

"உன்ன யாரும் சொல்ல மாட்டாங்க."

"ஏன்?"

"நீ ஓட்ட சைக்கிள்ள போனா, பாரு எவ்ளோ எளிமையா இருக்குதுன்னுவாங்க. நான் போனா, அவகிட்ட ஓட்ட சைக்கிள்தான் இருக்குதுன்னுவாங்க."

வரத் சிரித்தான். இரண்டு பெண்களும் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

கோபமாகச் சொல்லியிருக்க வேண்டியது. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

பரமசிவம் என்பவர் நடத்தும் டிசைன் சென்டரில் அவள் மூன்று வருஷம் வேலை பார்த்தவள். பட்டுப்புடவையின் பார்டரையும் முந்தியையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட வேண்டும். ஒரு கட்டம் ஒரு இழை. போட்டு முடித்ததும் அதன்படி அட்டைகளில் ஓட்டை குத்துவார்கள். அட்டை தறிமேல் ஏறும். ஓட்டைப்படி தறி பூவை இறக்கும். கட்டம் போடுவது போக இன்னொரு வேலையும் அவள் தலையில் இருந்தது. சாயம் போட்டு வந்த பட்டுநூல் கட்டுகளை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கலர் சரியா என்று சொல்ல வேண்டும். அந்தக் கண் அவளுக்கு இருந்தது என்று பரமசிவமே சொல்லுவார், யாரும் பக்கத்தில் இல்லாதபோது.

போன தை மாச முகூர்த்தத்துக்கு அவள் போட்ட மயில் பார்டர், பெரிய காஞ்சிபுரத்தில் மாணிக்கவாசகம் பட்டுக்கடையில் ஓடு ஓடென்று ஓடியது. மாணிக்கவாசகமே ஒருநாள் சென்டருக்கு வந்து, யார் போட்டது இது என்று கேட்டார். தையல்நாயகி மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம பையன் ஒருத்தன் போட்டான் மொதலாளி," என்றார் பரமசிவம்.

சென்டரில் பையன் என்று ஒருத்தனும் கிடையாது.

அவர் போனபிறகு அவள் கேட்டாள். பரமசிவம் கொஞ்சமும் கூசவில்லை. "உன் பேரச் சொன்னா எந்த ஊருன்னு கேப்பாரு. ஊரச் சொன்னா எந்தத் தெருன்னு கேப்பாரு. அப்புறம் உனக்குத்தானம்மா சங்கடம்? உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

மறுநாள் முதல் அவள் போகவில்லை. அன்றைக்குக் கத்தியிருந்தால் ஒருவேளை சரியாகியிருக்கும். கத்தவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தாள். அதிலிருந்துதான் இந்த மரத்துப்போன வாய்.

போன வாரம் அவளாகவே மாணிக்கவாசகம் கடைக்குப் போனாள். படியிலேயே கடை ஆள் மறித்து இன்னா வேணும் என்று கேட்டான். அவனுக்குப் பதில் சொல்லாமல் உள்ளே பார்த்து, "அந்த மயில் பார்டர் நான் போட்டது சார்," என்றாள். எல்லாரும் மொதலாளி என்பார்கள். அவளுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

மாணிக்கவாசகம் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அவளை மேலிருந்து கீழே பார்த்தார். அவள் கையிலிருந்த பிளாஸ்டிக் கவரில் பார்வை நின்றது.

"நீயா?"

"நான்தான்."

அவர் நம்பினமாதிரியும் இல்லை, துரத்தினமாதிரியும் இல்லை. "ஆவணி முகூர்த்தத்துக்குப் பன்னெண்டு பார்டர் வேணும். வர்ற வெள்ளிக்கெழம பரமசிவம் ஒண்ணு காட்டறேன்னிருக்கறான். நீயும் ஒண்ணு கொண்டா. எது நல்லா இருக்குதோ அவங்களுக்குப் பன்னெண்டும். தாள்ல வேணாம். தாள்ல அரக்குக் கலரு செங்கல் மாதிரி வருது. கம்ப்யூட்டரையே எடுத்தா. இப்பத்தான் கைல தூக்கினு போற மாதிரி வந்துட்டுதே."

பன்னிரண்டு பார்டர் என்பது ஒரு வருஷச் சோறு. பேர் சொல்லி வாங்குகிற சோறு. இல்லையென்றால் பரமசிவத்திடம் திரும்பிப் போக வேண்டும். அவர் ஏற்கெனவே சொல்லியனுப்பியிருந்தார்: வரட்டும், பழைய சம்பளம்தான்.

"அவரு மொதல்ல பாத்தது என் மூஞ்சிய இல்ல, கைல இருந்த கவரத்தான்," என்றாள் ஸுஷ்மாவிடம். "டிசைன் அப்புறம். படி ஏறணும் மொதல்ல."

வரத் ட்யூப் லைட்டுக்கு நேராக வெள்ளி லேப்டாப்பைத் திருப்பி ஒரு ரோஜாப்பூப் படத்தைத் திறந்து காட்டினான். ரோஜாவின்மேல் இருந்த தண்ணீர்த் துளி கையில் ஒட்டிவிடும் போல இருந்தது. பக்கத்தில் கறுப்பில் அதே ரோஜா நேற்றுப் பறித்த மாதிரி கிடந்தது.

மூன்று வருஷமாகக் கட்டின சீட்டை எடுத்த பணம் பையில் இருந்தது. "வெள்ளி," என்றாள் தையல்நாயகி.

அதோடு ஒரு பையும் இலவசம். கறுப்புத் தோல் மாதிரி, ஜிப்பு வைத்து, தோளில் மாட்டிக்கொள்ள.

*

ஓரிக்கையில் வீட்டில் அவள் அம்மா வடிவு நடவு முடித்து வந்து காலைக்கூடக் கழுவாமல் அதைப் பார்த்தாள்.

"இன்னாடி இது, சோத்துத் தட்டு மாதிரி இருக்குது?"

"கம்ப்யூட்டரு."

"எவ்ளோ?"

சொன்னாள். வடிவு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அந்தக் காசுக்கு ஒரு கறவ மாடு வாங்கிருக்கலாமேடி."

"மாட்டுல பார்டர் போட முடியாதும்மா."

"பாலாவது குடுக்கும்."

அந்தத் தெருவில் முதலில் டிகிரி வாங்கினவள் தையல்நாயகிதான். அதை வடிவு யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. வேறு விதமாகச் சொல்லுவாள்: எம்பொண்ணுக்குக் கள எடுக்கத் தெரியாது.

ஆறு நாள் உட்கார்ந்து போட்டாள். அரக்கு உடம்பு, பச்சை பார்டர். மயில், மாங்காய், தாழம்பூ எல்லாம் எல்லாரும் போட்டாயிற்று. அவள் நாற்று முடி போட்டாள். நடவுக்கு முன்னால் வயலில் அங்கங்கே வீசிப் போட்டிருப்பார்களே, ஒரு பிடி நாற்று, நடுவில் ஒரு கட்டு. பச்சை நாற்று, ஜரிகையில் கட்டு. ஒன்று நிமிர்ந்து நிற்கும், ஒன்று சாய்ந்து கிடக்கும். அவளுக்கு வயல்மேல் ஒரு பாசமும் இல்லை. பார்த்துப் பார்த்துக் கண்ணில் கிடந்தது அது, அவ்வளவுதான்.

வரத் பொய் சொல்லவில்லை. முந்தியைத் திறந்தால் திரையில் நீல வளையம் ஒன்று சுற்றும். எழுந்துபோய்க் குழாயில் ஒரு குடம் பிடித்து வரலாம். வந்து பார்த்தால் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். வியாழக்கிழமைக்குள் வீட்டில் இருந்த எல்லாக் குடமும் நிறைந்துவிட்டது. ஒரு கட்டத்தை மாற்ற மூன்று தடவை யோசித்தாள், மாற்றினால் வளையம் வருமே என்று. ஜரிகைக் கட்டு கொஞ்சம் தடிமனாகத் தெரிந்தது. மாற்றாமல் விட்டாள்.

வெள்ளிக்கிழமை நல்ல சுடிதாராகப் போட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். அன்றைக்குப் படியில் மறித்தானே, அதே ஆள், பையைப் பார்த்துவிட்டு, "உள்ள வாங்கம்மா," என்றான். வாங்க. பை தன் வேலையைச் செய்துவிட்டது. அவன்மேல் அவளுக்கு வெறுப்புக்கூட வரவில்லை.

உள்ளே வெள்ளை மெத்தைமேல் மாணிக்கவாசகம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. எதிரே பரமசிவம், சுருட்டின தாளோடு. தாளில் வேண்டாம் என்று அவரிடமும்தான் சொல்லியிருப்பார் மாணிக்கவாசகம். பரமசிவம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அட, நம்ம பொண்ணு," என்றார் பரமசிவம். "லேப்டாப்பெல்லாம் வாங்கிட்டியா? பேஷ்."

அவள் நின்றபடியே மெத்தையின் ஓரத்தில் லேப்டாப்பை வைத்துத் திறந்தாள். வளையம் வராதபடிக்கு வீட்டிலேயே முந்தியைத் திறந்து வைத்துத்தான் கொண்டுவந்திருந்தாள். ட்யூப் லைட் வெளிச்சத்தில் அரக்கு நிஜப் பட்டு மாதிரி பொங்கிக்கொண்டு வந்தது. பச்சை ஈரமாக இருந்தது.

"அட," என்றார் மாணிக்கவாசகம். முன்னால் குனிந்தார். அதற்குப் பிறகு, நாற்பது வருஷமாகச் செய்வதைச் செய்தார். புடவையை ஏந்துகிறமாதிரி லேப்டாப்பை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு எழுந்து வாசலைப் பார்க்க நடந்தார்.

மெத்தையிலிருந்து வாசல் ஏழெட்டு அடி. அந்த ஏழெட்டு அடிக்குள் தையல்நாயகிக்குப் புரிந்துவிட்டது.

வாசலில் பதினொரு மணி வெயில். அவர் லேப்டாப்பை வெளிச்சத்துக்குத் தூக்கினார். இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். திரையில் வானம் இருந்தது. கரண்டுக் கம்பி இருந்தது. எதிர்க்கடை போர்டு தலைகீழாக அல்ல, இடம் வலமாக இருந்தது. நடுவில் விபூதியும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு கிழவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது? என் மூஞ்சிதான் தெரியுது."

"கண்ணாடி வாங்கினு வந்திருக்குது மொதலாளி," என்றார் பரமசிவம் உட்கார்ந்த இடத்திலிருந்தே. "பொம்பளப் புள்ள இல்லியா?"

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். புடவை எடுக்க வந்திருந்த ஒரு குடும்பமும் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தது.

"உள்ள வந்து பாருங்க சார். உள்ள நல்லாத் தெரியும்."

"உள்ள தெரியறதுக்கு இன்னாம்மா? உள்ள எல்லாமேதான் நல்லாத் தெரியும். கட்டிக்கறவ வெளியிலதானே நடக்கப்போறா?"

அவளே அதைத்தானே மூன்று வருஷம் தினம் செய்தாள், நூல் கட்டைத் தூக்கிக்கொண்டு.

அவள் அவரிடமிருந்து லேப்டாப்பை வாங்கிக்கொண்டாள். விரித்துப் போட்டிருந்த குவியலிலிருந்து ஒரு கருநீலப் புடவையை எடுத்தாள். வாசல்படியில் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து, புடவையைத் தலையோடு சேர்த்து அதன்மேல் போர்த்திக்கொண்டாள். உள்ளே இருட்டானது. இருட்டில் அரக்கும் பச்சையும் எழுந்து வந்தன.

"இப்பத் தெரியும் சார். குனிஞ்சு பாருங்க."

புடவையின் விளிம்புக்குக் கீழே அவர் கால்கள் தெரிந்தன. ஒரு கால் முன்னால் வந்தது. நின்றது. புடவைக்குள் தலையை நுழைத்தால் அவள் தலைக்குப் பக்கத்தில் அவர் தலை இருக்கும். ஒரே துணிக்குள் இரண்டு பேர் மூச்சு. அந்தக் கால் யோசிப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, புது சரக்கு, கசங்கப்போவுது," என்று கடை ஆள் கத்தினான்.

கால் பின்னால் போய்விட்டது.

கோபம் வரவேண்டிய இடம் அது. அவள் கொஞ்சம் காத்துக்கூடப் பார்த்தாள். வரவில்லை. நாற்று முடிகள் வரிசையாக நின்றன, சாய்ந்தன, நின்றன. நன்றாகத்தான் இருந்தது. அதைப் பார்த்தது அவள் ஒருத்திதான்.

வெளியே வந்து புடவையை மடிப்புப் பிசகாமல் மடித்துக் கடை ஆளிடம் கொடுத்தாள். மாணிக்கவாசகம் அவளைப் பார்க்காமல், "திங்கக்கெழம சாயங்காலம் ரெண்டு பேருக்கும் சொல்றேன்," என்றார். பரமசிவம் எழுந்துவந்து வாசலில் தாளை விரித்தார். அரக்கு செங்கல் நிறமாகத்தான் இருந்தது. ஆனால் தெரிந்தது.

*

மறுநாள் சனிக்கிழமை. வரத் கடையில் ஸுஷ்மாவும் இருந்தாள். தையல்நாயகி நடந்ததை நாலு வாக்கியத்தில் சொன்னாள்.

"நான் அப்பவே கறுப்புன்னு சொன்னேன்," என்றாள் ஸுஷ்மா.

"சொன்ன. மெமரிக்காகச் சொன்ன. வெளிச்சம்னு யாரு சொன்னோம்? நீ டிகிரி, நான் டிகிரி, உங்க அண்ணன் டிகிரி. மூணு பேரும் ட்யூப் லைட்டுல பாத்தோம். ஒரு முழம் ரவிக்கத் துணி வாங்கினாக்கூட வாசலுக்கு எடுத்துனு போய்ப் பாக்கற ஊரு இது. நாப்பத்தி நாலாயிரத்துக்கு ஒரு பொருள் வாங்கறோம், எந்திரிச்சுப் போய்ப் பாக்கணும்னு தோணல. ஏன்னா அது கம்ப்யூட்டராம். ரோஜாப்பூவப் பாத்து வாயப் பொளந்துக்கினு நின்னோம்."

வரத் காதைச் சொறிந்தான். "பில் போட்டுட்டேனே. திரும்பி எடுத்துண்டா முப்பத்தெட்டுதான் தர முடியும். பெட்டி பிரிச்சாச்சு."

"எடுத்துக்கோ. கறுப்பு இருக்குதில்ல?"

"இருக்கு. அத யாரு வாங்கப்போறா?"

அவள் கறுப்பைத் தூக்கிக்கொண்டு நேராகத் தெருவுக்கு வந்தாள். பஸ் ஒன்று அவள் முதுகில் ஹாரன் அடித்தது. வெயிலில் நின்று திறந்தாள். மங்கல்தான். ஆனால் மங்கலாகத் தெரிந்தது. வானம் அதில் விழவில்லை. அவள் முகமும் விழவில்லை.

"ஹலோ, என்ன புடவையா எடுக்கறீங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டான் வரத்.

"ஆமா."

டிசைனை அதில் ஏற்றிக் கொடுத்தான். முந்தியைத் திறந்தாள். வளையம் வரவில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் திறந்துகொண்டது. இந்த வேகம் அந்த ஆறு நாளும் இருந்திருந்தால் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி. கறுப்பு லேப்டாப் அந்த ஜிப்புப் பையில் நுழையவில்லை. ஸுஷ்மா தன் துணிப்பையைக் காலி செய்து நீட்டினாள். இவளும் வாங்கிக்கொண்டாள்.

*

திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் போனாள். துணிப்பையைப் பார்த்ததும் கடை ஆளுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"இன்னா வேணும்?"

"ஒண்ணும் வேணாம்," என்று சொல்லிப் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். லேப்டாப்பைப் போட்டாள். பாட்டரிக் குறி முழுசாக இருப்பதுபோல நடித்தது. பத்து நிமிஷம். டிசைனைத் திறந்துவிட்டுக் குரலை உயர்த்தினாள். "சார், கொஞ்சம் வெளியில வாங்க."

புடவை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அவர்கள் திரும்பியதால்தான் மாணிக்கவாசகம் எழுந்து வந்தார்.

"இன்னாம்மா, சாயங்காலம்னு சொன்னேனே." பார்த்தார். "அன்னிக்குக் கொண்டாந்தது இது இல்லியே."

"இல்ல. இது வேற."

"பாக்கச் சகிக்கலியேம்மா."

"பொட்டியப் பாக்காதீங்க."

நெற்றியிலிருந்த கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தார். அவள் லேப்டாப்பைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். கனம்.

"இது இன்னா பூவு?"

"பூ இல்ல. நாத்து முடி."

"கல்யாணப் புடவைல நாத்தா?"

"சோறு போடாமலா கல்யாணம் பண்றாங்க?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். திரும்பவும் குனிந்தார். "முந்தியக் காட்டு." காட்டினாள். "உடம்புல புட்டா எங்க?" காட்டினாள். "இந்தக் கட்டு தடியா இருக்குது. ஜரிக தின்னும்."

"தெரியும். கொறைக்கலாம்."

"பச்சயில ஒரு இழையும் கம்மி பண்ணணும்." அவர் விரல் திரைக்குக் கிட்டே போய், தொடாமல் நின்றது. பாட்டரிக் குறி மஞ்சளாகியிருந்தது. அவள் சொல்லவில்லை. "அந்த மயிலு நெஜமாவே நீ போட்டதா?"

"நான்தான்."

"அதுல எங்கியோ ஒண்ணு இடிச்சுது. புடவயக் கைல எடுக்கும்போதெல்லாம் கண்ணு போய் இடிக்கும். எங்கன்னு தெரியாது. பரமசிவத்தக் கேட்டா ஒண்ணும் இல்ல மொதலாளின்னான்."

"மூணு மயிலு ஒரு செட்டு. மூணாவது மயிலு. எடது கண்ணுக்குக் கீழ ஒரு கட்டம் விட்டுப்போச்சு. சரி பண்றேன்னு சொன்னேன், அட்ட குத்தப் போயாச்சு விடுன்னுட்டாரு."

மாணிக்கவாசகம் உள்ளே திரும்பி, "டேய், அந்த மயிலு ஒண்ணு எடுத்தா," என்றார். கடை ஆள் கொண்டுவந்தான். அவர் வாசல் வெளிச்சத்தில் பார்டரை இழுத்துப் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலை வைத்துக்கொண்டே போனார். மூன்றாவதில் விரல் நின்றது. கட்டைவிரல் நகத்தால் அந்த இடத்தைத் தடவினார்.

"ஆறு மாசமா இத்தத் தேடறேன்," என்றார்.

அந்த நேரம் பார்த்து லேப்டாப் உயிரை விட்டது. திரை கறுத்தது. கறுத்த திரையில்கூட யார் முகமும் தெரியவில்லை.

"இன்னாச்சு?"

"பாட்டரி. அவ்ளோதான் நிக்கும்."

"அன்னிக்கு என் மூஞ்சி தெரிஞ்சுது, இன்னிக்கு அதுவும் இல்லியா." முழங்கால் சொடக்க நிமிர்ந்தார். உள்ளே பார்த்தார். அவர் மெத்தைக்குப் பக்கத்தில் டேபிள் ஃபேன் போட்ட பிளக் ஒன்றுதான் இருந்தது. "ஒயரு இங்க வரைக்கும் எட்டுமா?"

"எட்டாது."

கொஞ்ச நேரம் அவர் பிளக்கையும் படியையும் பார்த்தபடி நின்றார். பிறகு, "ஃபேன புடுங்குடா," என்றார். "உள்ள வாம்மா. வந்து உக்காரு."

போன தடவை அவள் நின்றுகொண்டுதான் காட்டினாள். அதற்கு முந்தின தடவை படியில். அவள் உள்ளே போய் வெள்ளை மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து ஒயரைச் சொருகினாள். ஏதாவது ஆகும் என்று காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. லேப்டாப் முக்கி முனகி எழுந்தது.

மாணிக்கவாசகம் எதிரே உட்கார்ந்தார். "உன் பேரு இன்னா?"

"தையல்நாயகி."

"எந்த ஊரு?"

"ஓரிக்கை."

அவர் வாய் அடுத்த கேள்விக்குத் திறந்தது. அது என்ன கேள்வி என்று பரமசிவம் மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறார். அவர் கேட்கும்வரை அவள் இருக்கவில்லை.

"காலனி," என்றாள்.

கடை ஆள் கையில் ஃபேன் ஒயரோடு அப்படியே நின்றான். மாணிக்கவாசகம் அவளைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று அவளால் சொல்ல முடியாது. டிசைன் திறந்துகொள்கிற நேரம் இருக்கும். திறந்துகொண்டதும் அவர் பார்வை திரைக்குப் போனது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அந்தப் பச்சயில ஒரு இழைய எடு. பாப்போம்."

அவள் எடுத்தாள். வளையம் சுற்றவில்லை. எடுத்தவுடனே எடுபட்டது.

"இன்னொண்ணு எடு."

எடுத்தாள்.

"ம். அத்த அப்படியே வாசலுக்கு..." என்று எழுந்தவர், ஒயரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். "சரி, மொதல்ல சார்ஜ் ஏறட்டும்."

ஃபேன் நின்றுவிட்டதால் கடைக்குள் புழுங்கியது. தையல்நாயகிக்குக் கழுத்தில் வியர்த்தது. வியர்வை முதுகில் கோடாக இறங்கி, சுடிதார்த் தையல்கிட்டே நின்று, திரும்ப இறங்கியது. அது இறங்குவது அவளுக்குத் தெரிந்தது. துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மூன்றாவது இழையை எடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்கத் திரைக்குக் குனிந்தாள்.